தீட்டு வேறு, தூய்மை வேறு!

வெயிலை விலைக்கு வாங்குகிறார்கள்!

செஞ்சியிலே, சித்திரை மாதத்து நண்பகலில், கோட்டைக் குன்றுகளின் பாறைகள் அனலைக் கக்கும். அடிவாரத்துத் தெருக்களில் நடப்போர் நிழல் தேடி ஓடுவர். "இந்த வெயிலை எவரேனும் கொண்டு செல்லமாட்டாரா!" என்று ஏங்குவோர் ஆயிரம் ஆயிரம். அதே வெயிலை, அதே வியர்வையை, நான்கு சுவர்களுக்குள்ளே மின்சாரத்தால் வரவழைத்து, கதவை அடைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள் உலகத்துப் பெருநகரங்களிலே. வாங்குவோர் வரிசையில் நிற்கிறார்கள். ஹாட் யோகா என்று பெயர். நாம் சூட்டு யோகம் என்போம்.

கல்கத்தாவிலே 1944இல் பிறந்த பிக்ரம் சௌதுரி, 1970களில் அமெரிக்காவிலே பரப்பிய முறை இது. அறையின் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 41 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40. நிலைகள் 26, அவற்றோடு மூச்சுப் பயிற்சி இரண்டு. நேரம் 90 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் உடலிலிருந்து ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளிப்படக்கூடும். முப்பது பேர் கூடினால் முப்பது லிட்டர். நம் வீட்டுக் குடத்தால் அளந்தால் இரண்டு குடம்! அதிலே ஒரு பகுதி ஆவியாகிக் காற்றிலே கலக்கிறது. ஒரு பகுதி ஆடையிலே ஊறுகிறது. மீதி தரையிலே விழுகிறது. அடுத்த அணி உள்ளே வருகிறது. அதே தரையிலே கையை ஊன்றுகிறது, காலை ஊன்றுகிறது, முகம் பதித்துப் படுக்கிறது.

யோகம் நல்லதா, தீயதா என்பதல்ல இங்கே நம் வழக்கு. உடலை வலுவாக்கும் பயிற்சி எதுவாயினும், எந்நாட்டதாயினும், அதை வெறுக்க நமக்குக் காரணம் இல்லை. நாம் கூண்டிலே நிறுத்தி விசாரிக்க விரும்புவது அந்தத் தரையை! அற்பமான பொருள் என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தத் தரை, நம் நாட்டிலே பல நூற்றாண்டுகளாக விடை மறைக்கப்பட்டுவந்த மூன்று கேள்விகளைக் கேட்கிறது. தூய்மை என்பது என்ன? அது யாருக்காக? அந்த வேலையை யார் செய்வது?

கம்பளம் கற்பிக்கும் பாடம்

சூட்டு யோகக் கூடங்களிலே நெடுங்காலம் விரித்து வைக்கப்பட்டது கம்பளம். காரணம் இருந்தது. வியர்வையில் நனைந்த கால் வழுக்கக்கூடாது. கம்பளம் காலைப் பிடித்து நிறுத்தும். விழுந்தால் அடி படக்கூடாது, கம்பளம் தாங்கும். பார்வைக்கும் அழகு. வியர்வை விழுந்த சுவடே தெரியாது.

சுவடு தெரியாததுதான் தொல்லை! கம்பளம் அழுக்கை அகற்றவில்லை, மறைத்தது. நூலிழைகளின் நடுவே இறங்கிய வியர்வை, அடியிலுள்ள மெத்தைப் படலம் வரையிலே சென்று தங்கியது. மேலே தூசியை உறிஞ்சும் பொறி ஓடினால் மேலே உள்ள தூசிதான் போகும். அடியிலே ஊறியது அங்கேயே ஊறிக் கிடக்கும். சூடான நீரைச் செலுத்தி அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு அடிவரை உலரவிட வேண்டும். காலை, நண்பகல், மாலை என்று வகுப்பு நடத்திக் காசு பார்க்கும் கூடத்திலே, உலர்வதற்கு நேரம் எங்கே?

மரத்தளம் போட்டுப் பார்த்தனர். ஈரம் குடித்த பலகை உப்பியது, வளைந்தது. இடுக்குகள் வாய் திறந்தன. அந்த வாய்களிலே வியர்வை புகுந்தது. வழவழப்பான கல்லும் ஓடும் கழுவுவதற்கு எளியவை. ஆனால் ஈரக்காலை வாரிவிடும். ஆகவே, ஈரம் உறிஞ்சாத ரப்பர் தளத்தையும், இணைப்புகளைச் சூட்டால் ஒட்டி இடுக்கில்லாமல் ஆக்கப்பட்ட வினைல் விரிப்பையும், மேற்பூச்சிட்ட தக்கைத் தளத்தையும் நாடினர். அவற்றிலும் குறை உண்டு. வெப்பம் ஏற ஏற, தரம் குறைந்த செயற்கைப் பொருள் நாற்றம் விடும். மேற்பூச்சு தேய்ந்தால் தக்கையும் ஈரம் குடிக்கும். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, எது வழுக்காது, எது உறிஞ்சாது, எதை எளிதிலே கழுவலாம், எது விரைவிலே உலரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் கவனியுங்கள். நான்கும் சோதித்து விடை காணத்தக்கவை. தரைக்கு வருணம் இல்லை, கோத்திரம் இல்லை. எந்த ஏட்டிலே எழுதியிருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. நீரை ஊற்று, பார், துடை, பார், உலரவிடு, பார்! இதுவன்றோ பகுத்தறிவின் முறை!

மணம் வேறு, மாசு வேறு

வியர்வை தன்னளவிலே பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அதற்கு நாற்றம் இல்லை. நம் தோலிலே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வியர்வையிலுள்ள சில பொருள்களைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஈரத்திலே செழிக்கும் பூஞ்சணம், விரலிடுக்கிலே சேற்றுப்புண்ணாகவும், இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரையாகவும் வெளிப்படும். பாதத்து மருவை உண்டாக்கும் வைரசும், கொப்புளமும் சீழும் உண்டாக்கும் பாக்டீரியாவும், ஈரத் தரையின் வழியாகவும் பலர் பயன்படுத்தும் பாயின் வழியாகவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லக்கூடும்.

"இவ்வளவு சூட்டிலே கிருமிகள் செத்துப்போகாவோ?" என்று கேட்போர் உண்டு. மனித உடலிலே வாழப் பழகிய பாக்டீரியாவுக்கு உகந்த வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. 40 டிகிரி அதற்குச் சிதையல்ல! பால் காய்ச்சுகிறோமே, நீரைக் கொதிக்க வைக்கிறோமே, அந்த வெப்பம் வேறு. மனிதன் தாங்கக்கூடிய வெப்பத்தை மனிதனோடு வாழும் கிருமியும் தாங்கும்.

"வியர்க்க வியர்க்க, உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறிவிடும்" என்று சொல்லி விற்போரும் உண்டு. உடலின் கழிவை வேறாக்கி வெளியேற்றும் பெரும்பணியைச் செய்வன கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வையின் வேலை உடலைக் குளிர்விப்பது. வியர்வையிலே பாவம் கரையும் என்று முன்பு சொன்னார்கள். இன்று நஞ்சு கரையும் என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, சோதிக்க மறுக்கும் மனம் மாறவில்லை.

பிறகு மணம்! ஊதுவத்தி ஏற்றுகிறார்கள், சாம்பிராணி போடுகிறார்கள், எலுமிச்சைத் தைலம் தெளிக்கிறார்கள். நாற்றம் மறைகிறது. மறைந்தது நாற்றம்தான், நாற்றத்தின் காரணம் அப்படியே இருக்கிறது. செய்ய வேண்டியது வேறு. முதலிலே சோப்பு நீரால் அழுக்கை அகற்ற வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநாசினி அழுக்கோடு போரிட்டே சோர்ந்துவிடும். பிறகுதான் கிருமிநாசினி. அதையும் ஊற்றியவுடனே துடைத்துவிடக் கூடாது. அதன் புட்டியிலே எத்தனை நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறதோ, அத்தனை நிமிடம் தரையிலே ஈரமாய் நிற்க வேண்டும். பின்னர் சன்னலைத் திறந்து உலர்த்த வேண்டும். மந்திரம் இல்லை, மாயம் இல்லை. சோப்பு, நீர், நேரம், காற்று. நான்கே நான்கு!

எவரை எவரிடமிருந்து காப்பது?

இங்கேதான் நம் முதற்கேள்வி முளைக்கிறது. "எங்களுக்கா தூய்மை தெரியாது? மடி என்றும், ஆசாரம் என்றும், குளியல் என்றும், பல்லாயிரம் ஆண்டுகளாகத் தூய்மையை வளர்த்த நாடாயிற்றே!" என்று பழமை விரும்பிகள் பெருமை பேசுகின்றனர். தூய்மையையா வளர்த்தனர்? தீட்டை வளர்த்தனர்! இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று பகை என்பது நம் கருத்து.

அழுக்கு, சோப்புக்குப் போகும், தீட்டு போகாது. அழுக்கு, எவர் உடலிலும் சேரும். தீட்டு, குறிப்பிட்ட சிலர் பிறக்கும்போதே உடன் பிறந்ததாம்! அழுக்கைக் கண்ணாலும் கருவியாலும் காணலாம். தீட்டைக் காட்டிய நுண்பெருக்கிக் கண்ணாடி இதுவரை செய்யப்படவில்லை. எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தீட்டு என்பது, பிறரிடமிருந்து என்னைக் காத்துக்கொள்வது. தூய்மை என்பது, என்னிடமிருந்து பிறரைக் காப்பது.

இந்த வேறுபாட்டுக்கு வரலாறு தரும் சான்றுகளைக் காண்போம்.

1847இல், வியன்னா நகர மருத்துவமனையிலே, பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டுகொண்டிருந்தனர். செம்மல்வைசு என்ற மருத்துவர் காரணம் தேடினார். பிணத்தை அறுத்துப் பாடம் கற்ற மருத்துவர்கள், அதே கையோடு பிரசவ அறைக்குள்ளே நுழைவதைக் கண்டார். சுண்ணாம்புக் குளோரின் கரைசலிலே கை கழுவிவிட்டு வரவேண்டும் என்று கட்டளையிட்டார். நூற்றுக்குப் பத்துக்கும் மேலாக இருந்த சாவு, சில மாதங்களிலே இரண்டளவுக்கு இறங்கியது. ஆயினும் மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. மேன்மக்களாகிய எங்கள் கையிலா மாசு என்ற சினம்! ஏழைத் தாயின் நோயை அவள் வீட்டிலே, அவள் உணவிலே, அவள் விதியிலே தேடச் சம்மதித்தவர்கள், தங்கள் விரல் நுனியிலே தேடச் சம்மதிக்கவில்லை. தூய்மை தொடங்குமிடம் எது என்பதைச் செம்மல்வைசு காட்டினார். அது என் கை. எதிரே நிற்பவனுடைய பிறப்பு அன்று.

1884இல், கல்கத்தாவிலே, செர்மன் அறிஞர் இராபர்ட் காக், காலராவின் கிருமியை ஒரு குளத்து நீரிலே கண்டார். அந்த நீரிலேதான் மக்கள் குளித்தனர், துவைத்தனர், அதையே குடித்தனர். நுண்பெருக்கி அந்த நீரைச் சோதித்துச் சொன்ன தீர்ப்பு அது. 43 ஆண்டுகள் கழித்து, 1927இல், மராட்டிய மண்ணிலே, மகாத் என்ற ஊரிலே இன்னொரு குளம். அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூக்குரலிட்டனர் சாதி வெறியர். தீட்டுக் கழிக்க என்ன செய்தனர் தெரியுமா? சாணம், கோமியம், பால், தயிர் கலந்த குடங்கள் 108ஐக் குளத்திலே கொட்டினர்! மனிதன் கைபட்டதால் கெட்ட நீர், மாட்டுக் கழிவு கலந்ததால் தூயதாயிற்றாம்! தூய்மைக்கும் தீட்டுக்கும் உள்ள தொலைவை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறு வேண்டுமோ?

யோக நூலாரும் இதிலே நமக்கு உதவுகின்றனர். பதஞ்சலியின் யோக சூத்திரம் தூய்மையை ஒழுக்கங்களிலே ஒன்றாக வைக்கிறது, மகிழ்ச்சி! ஆனால் அந்தத் தூய்மையால் விளையும் பயன் என்று இரண்டாம் பகுதியிலே அது கூறுவது என்ன? தன் உடலின்மேல் அருவருப்பும், பிறருடைய தொடர்பின்மையும்! உடற்பற்றை விடுவதைத்தான் அது குறிக்கிறது என்று உரைகாரர் விளக்குவர், விளக்கட்டும். துறவிக்கு அது பொருந்தினும் பொருந்தலாம். ஆனால் வாழும் மக்களுக்கு நாம் வேண்டுவது அந்தத் தூய்மையல்ல. உடலை அருவருக்கச் செய்யும் தூய்மை நமக்கு வேண்டாம். உடலைப் பேணச் செய்யும் தூய்மை வேண்டும். பிறரைத் தொடாதிருக்கச் செய்யும் தூய்மை வேண்டாம்; அச்சமின்றிப் பிறர் கையைப் பற்றச் செய்யும் தூய்மை வேண்டும்!

செருப்பும் வாசலும்

"வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் வழக்கம். இன்று மேல்நாட்டு யோகக் கூடமும் அதைத்தானே பின்பற்றுகிறது? இது தூய்மைதானே?" என்று கேட்கலாம். ஆம், தூய்மைதான். தெருப்புழுதியைப் படுக்கும் தரைக்குக் கொண்டுவராதிருப்பது அறிவுடைமை. வழக்கம் பழையது என்பதற்காக நாம் எதையும் தள்ளுவதில்லை. பழையது என்பதற்காகக் கொள்வதும் இல்லை.

ஆனால் அதே செருப்பைக் கழற்றச் சொல்லி இன்னொரு சட்டமும் இந்த நாட்டிலே இருந்தது. மேல்சாதித் தெருவிலே நடக்கும்போது, தாழ்த்தப்பட்டவர் செருப்பைக் கழற்றிக் கையிலே பிடித்துச் செல்லவேண்டும் என்ற சட்டம்; அரசு இயற்றாத, ஆனால் அரிவாள் காத்துநின்ற சட்டம். தெருவிலே என்ன தூய்மை கெட்டது? மாடு நடந்த தெரு, நாய் படுத்த தெரு, சாக்கடை வழிந்த தெரு! அங்கே செருப்பு காத்தது ஒரு மனிதனின் பாதத்தை. கழற்றச் சொன்னது அவன் மானத்தை.

ஒரே செயல், இரண்டு அறம். வேறுபடுத்துவது எப்படி? எளிய சோதனை ஒன்று உண்டு. விதி எல்லாருக்கும் பொதுவா? யோகக் கூடத்து வாசலிலே முதலாளியும் கழற்றுகிறார், மாணவரும் கழற்றுகிறார், துடைக்க வந்தவரும் கழற்றுகிறார் என்றால் அது தூய்மை. ஒருவர் மட்டும் கழற்ற, மற்றவர் கழற்றாமல் நடந்தால் அது தீட்டு. செஞ்சிக் கோட்டைக் குன்றுகளிலே ஒன்று, பழைய ஏடுகளிலே, காலணி செய்யும் மக்களின் பெயரால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர்களைச் செருப்பின்றி நடக்கச் சொன்ன நாட்டிலே, குன்றொன்று அவர்கள் பெயரைச் சுமந்து நின்றிருக்கிறது!

உள்ளத் தூய்மை போதாதோ?

இன்னொரு மறுப்பு வரும்; அது கனமான மறுப்பு. "தரை, தளம், சோப்பு என்று புறத்தையே பேசுகிறீர்களே! அகத்தூய்மையன்றோ பெரிது?"

வள்ளுவர் புறந்தூய்மைக்கு நீரைச் சொன்னார். அகந்தூய்மைக்கு வாய்மையைச் சொன்னார். அகத்துக்கு வாய்மைதான் சோப்பு என்றால், முதலிலே உண்மை பேசட்டும் அந்தக் கூடம்! "எங்கள் தரை நேற்று எப்போது கழுவப்பட்டது? எதனால் கழுவப்பட்டது? எவ்வளவு நேரம் உலர்ந்தது?" என்று வாசலிலே எழுதி வைக்கட்டும். புறத்தைப் பற்றியே பொய் சொல்பவர் அகத்தைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

சூட்டு யோகத்தின் வரலாறே இதற்குச் சான்று. தம் 26 நிலைகளின் வரிசையைத் தமக்கே உரிய சொத்தாக்க முயன்றார் பிக்ரம் சௌதுரி. அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர், பாலியல் தொல்லை, முறையற்ற வேலைநீக்கம் ஆகிய குற்றச்சாட்டுகளோடு தொடுத்த வழக்கிலே, 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர்கள் அவருக்கு எதிராகவே முடிவு செய்தனர். ஆசானின் உள்ளத்தைச் சீடர் எவரும் விளக்குப் பிடித்துப் பார்க்க முடியாது. அவருடைய தரையைப் பார்க்கலாம், அவர் நடத்தையைப் பார்க்கலாம், கணக்கேட்டைப் பார்க்கலாம். பார்க்க முடிந்ததைப் பார்க்காதே, பார்க்க முடியாததை நம்பு என்று எவர் சொன்னாலும், அவர் எதையோ மறைக்கிறார் என்று பொருள்.

துறவிகளைச் சொல்லி வாதிடுவோருக்கும் விடை உண்டு, அதுவும் செஞ்சிக்கு அருகிலேயே. திருநாதர்குன்றுப் பாறையிலே 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழைய கல்வெட்டொன்று கூறுகிறது. அந்தப் பாறையிலே கம்பளமும் இல்லை, ரப்பரும் இல்லை. அவருடைய நெறியை நாம் ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. தனியாகப் பாறைமேல் கிடப்பவன் தன் உடலுக்கு என்ன செய்தாலும், பயனும் கேடும் அவனோடு போகும். முப்பது பேர் மூச்சுவிடும் மூடிய அறையிலே அப்படியல்ல. என் கால் புண், என் அடுத்தவன் கால் புண் ஆகிறது. என் சோம்பல், இன்னொருவன் நோயாகிறது. கூடி வாழ்கின்ற இடத்திலே புறத்தூய்மை, அகத்தூய்மைக்குக் கீழ்ப்பட்ட சிறு பொருள் அன்று. அகத்தூய்மையின் முதற்சான்றே அதுதான். முகம் தெரியாத ஒருவன், எனக்குப் பின்னே இந்தத் தரையிலே படுக்கப்போகிறான். அவனுக்காக நான் துடைக்கிறேன். இதைவிட ஒழுக்கத்துக்கு நல்ல இலக்கணம் உண்டோ?

துடைப்பம் யார் கையில்?

இனி மூன்றாம் கேள்வி. முள்ளாய்க் குத்தும் கேள்வி. துடைக்கிறேன் என்றோம். உண்மையிலே துடைப்பது யார்?

தொண்ணூறு நிமிடம் முடிகிறது. முப்பது பேரும் கண்மூடிக் கிடந்து, அமைதி பெற்று, கைகூப்பி விடைபெறுகின்றனர். அவர்கள் போனபின், ஒரு பெண் வாளியோடு வருகிறாள். சூடு தணியாத அறையிலே, அவர்களின் வியர்வையை அவள் துடைக்கிறாள். கையுறை உண்டோ, இல்லையோ! பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் என்ற நச்சுக்காற்று எழும் என்று அவளுக்கு எவரேனும் சொன்னார்களோ, இல்லையோ! அந்த வகுப்பிலே சேர அவளுடைய கூலி போதாது. உலகத்தோடு ஒன்றாதல் என்று பாடம் கேட்டவர்கள், அவள் பெயரைக் கேட்டதில்லை.

அழுக்காக்குபவர் தூயவர், அழுக்கை அகற்றுபவர் தூய்மையற்றவர்! இந்தத் தலைகீழ் நீதியை உலகிலே இவ்வளவு நுணுக்கமாக வகுத்த நாடு நம் நாடு. மலம் அள்ளும் இழிவை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. கழிவுக் குழியிலே மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதன் சாட்சி. சட்டம் தாளிலே தீண்டாமையை ஒழித்தது. துடைப்பம் மட்டும் இன்னும் பெரும்பாலும் அதே தெருக்காரர் கையிலேதான் இருக்கிறது.

செஞ்சிக்கே வருவோம். நெல் வரத்துக்குப் பெயர்பெற்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ள ஊர். நெல் விளையும் பக்கத்திலே, அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்திலே பரப்பி, வெயிலிலே நின்று காலால் துழாவிக் காயவைக்கும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். மேலே சூரியன், கீழே கொதிக்கும் களம், நடுவிலே அவர்கள். அந்தச் சூட்டுக்குக் கட்டணம் கிடையாது. கூலி உண்டு, குறைந்த கூலி! அந்தக் களத்தைப் பாருங்கள். கல் இராது, குப்பை இராது. நெல் படுக்கும் தரை என்பதால் அவ்வளவு அக்கறை. நெல்லுக்குக் காட்டும் அக்கறையை, அந்த நெல்லைத் துழாவும் காலுக்குக் காட்டினோமா? வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயிலிலே உழைப்போரின் உயிருக்கும் கணக்கு உண்டு என்று ஏடேறியது. நல்ல தொடக்கம். ஒருவன் விரும்பி விலைகொடுத்து வாங்கும் வியர்வையும், ஒருத்தி வயிற்றுக்காகச் சிந்தும் வியர்வையும், வேதியியலிலே ஒன்று. நீதியிலே ஒன்றாக எண்ணப்படுவதில்லை. அந்த வேற்றுமைதான் நாம் துடைக்க வேண்டிய பெருங்கறை.

கோட்டை சொல்லாத செய்தி

செஞ்சிக் கோட்டைக்குள்ளே கலியாண மகாலைக் காட்டுவார்கள். அருகே தானியக் களஞ்சியத்தைக் காட்டுவார்கள். வீரர்கள் உடல் வளர்த்த பயிற்சிக்கூடம் என்று ஒரு கட்டடத்தையும் காட்டுவார்கள். மகாலின் மேல்மாடிக்கு மண்குழாய் வழியே நீர் ஏறியது என்றும் சொல்வார்கள். 1677இல் சிவாசி பிடித்தார், எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் பிடித்தனர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று வரலாறு வரிசையாகச் சொல்லும். 2025 சூலையிலே, மராட்டியப் போர்க்கோட்டைகளின் தொகுப்பிலே, மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் உலக மரபுச் சின்னமாயிற்று என்பதும் பெருமைக்குரிய செய்தியே.

ஆனால் அந்தப் பயிற்சிக்கூடத்தின் தரையை நாள்தோறும் பெருக்கியவர் யார்? மண்குழாய் அடைத்தபோது கைவிட்டு அகற்றியவர் யார்? எட்டாண்டு முற்றுகையிலே, அடைபட்ட கோட்டைக்குள்ளே, கழிவை அகற்றி நோய் பரவாமல் காத்தவர் யார்? கோட்டையைப் பிடித்தவர் பெயரெல்லாம் கல்லிலும் ஏட்டிலும். கோட்டையை வாழத்தக்கதாக வைத்தவர் பெயர் எங்கும் இல்லை. வாளுக்குக் கிடைத்த புகழிலே நூற்றில் ஒரு பங்கு துடைப்பத்துக்குக் கிடைத்திருந்தால், இந்நாட்டின் கதையே வேறாக இருந்திருக்கும்.

தோழர்களே! ஊர்தோறும் உங்களுக்குப் படிப்பகம் உண்டு. சில இடங்களிலே உடற்பயிற்சிக் கழகம் உண்டு. கூட்டம் நடத்தும் மன்றம் உண்டு. அங்கே தொடங்கலாம் இந்தப் புரட்சியை. முறைவைத்துப் பெருக்குங்கள், செயலாளருக்கும் முறை வரட்டும், தலைவருக்கும் வரட்டும், படித்தவருக்கும் பட்டம் பெற்றவருக்கும் வரட்டும். அவரவர் விரித்த பாயை அவரவரே துடைத்துச் சுருட்டட்டும். கால் புண் உள்ளவர் ஆறும்வரையிலே வெறுங்காலோடு தரையிலே இறங்காதிருக்கட்டும். அதை அவரே சொல்லட்டும், சொன்னவரை எவரும் இழிவாகப் பாராதிருக்கட்டும். கூலிக்கு ஒருவர் துடைக்க வந்தால், நியாயமான கூலி, கையுறை, காலணி, குடிக்க நீர், உட்கார இடம், எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதை, இவை அவருடைய உரிமை என்று அறிந்து கொடுங்கள். அவர் குடித்த குவளையிலே நீங்களும் குடியுங்கள். குவளையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எல்லார் குடித்த குவளையையும் கழுவுவதுபோல!

தீட்டு, மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தது; சுவர் எழுப்பியது; தெருவை அடைத்தது; குளத்தைப் பூட்டியது. தூய்மை அப்படிச் செய்யாது. அது கதவைத் திறக்கும், காற்றை அழைக்கும், எவரும் வந்து அமரலாம் என்று தரையைத் துடைத்து வைக்கும். அந்தத் தரையிலே பள்ளனும் பறையனும் அருந்ததியனும் பார்ப்பனனும் என்ற பேச்சில்லை. ஒருவர் எழுந்து போனபின் இன்னொருவர் வந்து படுப்பார் என்ற நினைப்பு மட்டுமே உண்டு. பின்னே வருபவனுக்காகத் தரையைத் துடைக்கக் குனியும் முதுகே நிமிர்ந்த முதுகு. அதுவே நாம் வேண்டும் யோகம்.